கருப்பட்டியும் கம்பளி நூலும்

ஓஸ்லோ,
அக்டோபர் கடைசி வாரம்.

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நான், உன் தம்பி பெண்டாட்டி, பூனை மூவரும் நலம். அம்பாசமுத்திரத்தில் நீ, அத்தான், பிள்ளைகள், தாமிரபரணி எல்லாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வாட்ஸ்அப் இருக்கும்போது இவன் எதற்குக் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறான் என்று நினைப்பாய். போனில் நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கி முடிப்பதற்குள் பால்காரர் வந்துவிடுகிறார், குக்கர் விசில் அடிக்கிறது, அத்தான் மூக்குக்கண்ணாடியைக் காணோம் என்கிறார். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. இந்த ஒரு வசதிக்காகவே தபால்துறை நீடூழி வாழ வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் என் கையில் பின்னல் ஊசியைப் பார்த்துவிட்டு நீ கேட்டாய்: “ஏம்ல, கடைல ஒரு ஸ்வெட்டர வாங்கிப் போட்டா ஆகாதா? ஆம்பளப்புள்ள ஊசியும் நூலுமா உக்காந்திருக்க. மடில பூன வேற. இதுல என்னல லாபம்?” நான் வாயைத் திறப்பதற்குள் உன் குக்கர் கூப்பிட்டுவிட்டது. அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். லாபக் கணக்கு கடைசியில் வரும். அதுவரை பொறுத்துக்கொள்.

முதலில் இருட்டைச் சொல்ல வேண்டும். நம்மூரில் வருஷத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் சுமார் ஒரு மணி நேரம்தான். அதனால் சூரியன் எத்தனை மணிக்கு வேலைக்கு வருகிறது என்று நாம் கவனித்ததே இல்லை. ஓஸ்லோ பூமத்திய ரேகையிலிருந்து 60 பாகை வடக்கே இருக்கிறது. ஜூன் மாதத்தில் பகல் கிட்டத்தட்ட 19 மணி நேரம். டிசம்பரில் 6 மணி நேரம். இடையில் உள்ள 13 மணி நேரத்தில் பெரும்பகுதியை இந்த இலையுதிர்காலம்தான் கொஞ்சம் கொஞ்சமாக உருவிக்கொண்டு போகிறது. செப்டம்பர் கடைசியில் நாளொன்றுக்கு ஐந்தரை, ஆறு நிமிஷம். ஒரு வாரம் வெளியூர் போய்த் திரும்பினால் பகலில் நாற்பது நிமிஷத்தைக் காணோம். யாரிடம் போய்ப் புகார் கொடுப்பது?

இந்த ஊர்க்காரர்கள் புகார் கொடுப்பதில்லை, ஏற்பாடு செய்கிறார்கள். கார் விளக்குப் பட்டால் பளிச்சென்று மின்னும் பட்டைகளைக் கைப்பையிலும் கோட்டிலும் தொங்கவிட்டுக்கொள்கிறார்கள். குழந்தை, கிழவர், நாய், சைக்கிள் எல்லாரும் மின்னுகிறார்கள். செப்டம்பர் பிறந்ததும் காட் மீனின் ஈரல் எண்ணெயைத் தினம் ஒரு கரண்டி குடிக்கத் தொடங்குகிறார்கள். வெயில் இல்லாத மாதங்களில் வைட்டமின் டி அதிலிருந்துதான். அம்மா மூக்கைப் பிடித்து ஊற்றிய விளக்கெண்ணெய்க்குப் பயந்து கொல்லைப்புறம் ஓடியவன் நான். அப்படி ஓடியவன் ஐரோப்பாவின் வடகோடிக்கு வந்து, காசு கொடுத்து வாங்கிய மீன் எண்ணெயைத் தானே குடிக்கிறேன். மூக்கைப் பிடிக்கக்கூட ஆளில்லை.

உன் சின்னவன் இலையெல்லாம் ஏன் மஞ்சளாகிறது என்று கேட்டானே, அவனுக்குச் சொல். பகல் குறையக் குறைய மரம் இலையில் உள்ள பச்சையத்தைப் பிரித்து, பயன்படும் சத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது. மஞ்சள் நிறம் கோடையிலும் அதே இலையில்தான் இருந்தது. பச்சை மறைத்து வைத்திருந்தது. சிவப்பு அப்படி இல்லை. பல மரங்கள் அதைப் புதிதாகவே தயாரிக்கின்றன. எங்கள் தெருவில் பிர்ச் மரங்கள் மஞ்சள், ரோவன் மரங்கள் சிவப்பு. பிறகு ஒரு ராத்திரிக் காற்றில் எல்லாம் தரைக்கு வந்துவிடும். பார்க்க வெகு அழகு. கூட்டுகிறவனுக்குத்தான் இடுப்பு வலி.

கூட்டுவது யார் என்கிறாயா? நாங்கள்தான். அடுக்குமாடிக் குடியிருப்புக்காரர்கள் எல்லாரும் இலையுதிர்காலத்தில் ஒருநாள் கீழே இறங்கி முற்றத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். ‘டுக்னாட்’ என்று பெயர். டாக்டர், பஸ் டிரைவர், வக்கீல் எல்லார் கையிலும் இலை வாரும் குச்சி. கூலி கிடையாது. முடிவில் காப்பியும் இதய வடிவத்தில் வார்த்த வாஃபிளும் உண்டு. அதன்மேல் ஆட்டுப்பால் கலந்து காய்ச்சிய பழுப்புநிறச் சீஸை ஒரு சீவல் வைத்துத் தருவார்கள். இனிப்பா உப்பா என்று நாக்கு முடிவு செய்வதற்குள் அடுத்த வாஃபிள் வந்துவிடும். சீஸில் கொழுப்பும் சர்க்கரையும் அதிகம். 2013 ஜனவரியில் இந்த நாட்டின் வடக்கே ஒரு சுரங்கப்பாதையில் 27 டன் பழுப்புச் சீஸ் ஏற்றிய லாரி தீப்பிடித்து, நாலைந்து நாள் அணையாமல் எரிந்தது. நான் கதை விடவில்லை. அத்தானிடம் சொல்லிக் கூகுளில் பார்க்கச் சொல்.

நான் சொல்லவந்தது சீஸைப் பற்றி இல்லை. அந்த ஒருநாள் மட்டும் எங்கள் கட்டிடத்துக்காரர்கள் ஒருவரோடொருவர் பேசினார்கள் என்பதைத்தான். மற்ற நாளில் எப்படி என்று உனக்குத் தெரியாது. கதவில் இருக்கிற கண்ணாடித் துளை வழியாகப் பார்த்து, மாடிப்படியில் ஆள் இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் வெளியே வருவார்கள். தப்பித்தவறி எதிர்ப்பட்டுவிட்டால் ஒரு ‘ஹை’. அதற்குமேல் ஒரு சொல் பேசினால் ஏதோ அவசரம் என்று பொருள். பஸ்ஸில் இரட்டை இருக்கை ஒவ்வொன்றிலும் ஒருவர் உட்கார்ந்திருந்தால் அடுத்து ஏறுகிறவர் நின்றுகொண்டு வருவார். வெறுப்பெல்லாம் இல்லை அக்கா. உனக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்கிற மரியாதை. நம்மூரில் பக்கத்து இருக்கைக்காரர் சங்கரன்கோவில் தாண்டுவதற்குள் நம் சம்பளம், சாதி, சர்க்கரை அளவு மூன்றையும் கேட்டு முடித்திருப்பார். அதிலிருந்து வந்தவனுக்கு இந்த மரியாதை முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. வருஷங்கள் போகப்போக, யாராவது என் சர்க்கரை அளவைக் கேட்கமாட்டார்களா என்று ஏங்க ஆரம்பித்துவிட்டேன்.

இந்த நிலைமையில்தான் பூனை வந்தது. உண்மையில் அது உன் மருமகளின், அதாவது என் மகளின் பூனை. ஆகஸ்டில் அவள் படிக்க ட்ரோண்ட்ஹெய்முக்குப் போனாள். விடுதியில் பூனைக்கு இடமில்லை என்று எங்களிடம் விட்டுவிட்டுப் போனாள். நிறத்தைப் பார்த்து நான்தான் கருப்பட்டி என்று பேர் வைத்தேன். உடன்குடிச் சரக்கின் அதே நிறம். பேர் வைத்தால் போதாது. மிருக வைத்தியர் அதன் தோலுக்கடியில் அரிசி அளவில் ஒரு சிப்பு வைத்து, 15 இலக்கத்தில் எண் கொடுத்திருக்கிறார். நான் இந்த நாட்டுக்கு வந்தபோது எனக்குக் கொடுத்த அடையாள எண்ணுக்கு 11 இலக்கம். உன் ஆதாருக்கு 12. வீட்டில் யார் பெரியவர் என்பதில் இனி சந்தேகமே வேண்டாம்.

இவர்களுடைய பழைய புராணத்திலும் பூனைக்குப் பெரிய இடம். ஃப்ரேயா என்கிற தேவியின் தேரை இழுப்பவை இரண்டு பூனைகள். நம் பிள்ளையாருக்கு மூஞ்சூறு வாகனம். நல்லவேளை, இரண்டு தேரும் ஒரே ரத வீதியில் எதிரெதிரே வரவில்லை. கருப்பட்டியைப் பார்த்த பிறகு எனக்கு அந்தப் புராணத்தில் ஒரு சந்தேகம். பூனை தேர் இழுத்ததா, அல்லது தேரில் ஏறி உட்கார்ந்துகொண்டு தேவியை இழுக்கவைத்ததா?

பகல் குறையத் தொடங்கியதும் பூனைக்கு ரோமம் அடர்த்தியாகும். குளிரைவிடப் பகலின் நீளத்தைப் பார்த்துத்தான் அதன் உடம்பு கம்பளிக்கு ஆர்டர் கொடுக்கிறது. அவ்வளவு போர்வை போர்த்தியும் அதற்குப் போதாது. நமக்குச் சுகமான சூட்டைவிட இன்னும் கூடுதலாக இருந்தால்தான் பூனைக்குச் சுகம். இங்கே குளியலறைத் தரைக்கு அடியிலேயே சூடேற்றும் கம்பி ஓடும். கருப்பட்டி காலையில் அங்கே போய்ப் படுத்தால் மனிதர்கள் பல் துலக்க அனுமதி கேட்க வேண்டும்.

செப்டம்பரில் வைத்தியர் எடை பார்த்துவிட்டு, ஆகாரத்தைக் குறையுங்கள் என்றார். குறைத்தோம். எடை கூடியது. மேலும் குறைத்தோம். மேலும் கூடியது. உன் தம்பி பெண்டாட்டி ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறவள். இது மருத்துவத்தில் இல்லாத சங்கதி என்றாள். கழுத்துப் பட்டையில் ஒரு காகிதம் கட்டிவிட்டாள். ‘இந்தப் பூனை உணவுக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. நீங்கள் ஏதாவது கொடுக்கிறீர்களா?’ சாயங்காலம் பூனை திரும்பி வந்தது. காகிதத்தில் விதவிதமான கையெழுத்து. ‘ஓலாவுக்கு உடம்பு சரியில்லையா? தெரியாமல் தினமும் ரொட்டியில் இறால் வைத்துக் கொடுத்துவிட்டேன். மூன்றாம் மாடி.’ அதற்குக் கீழே, ‘பாட்மேனுக்குச் சால்மன் மட்டும்தான் கொடுத்தோம். முதல் மாடி.’ ஓரத்தில் பென்சிலில் ஒரு பொடியன், ‘ஐஸ்கிரீமும் கொஞ்சம்.’

அதாவது, எங்கள் வீட்டில் கருப்பட்டி, மூன்றாம் மாடியில் ஒரு காலத்திய மன்னர் ஓலாவ், முதல் மாடியில் பாட்மேன். மனிதர்கள் கண்ணாடித் துளையில் பார்த்துப் பதுங்கிக்கொண்டிருந்த மாடிப்படியில் இவன் மட்டும் எல்லா வீட்டிலும் சாப்பாட்டு நேரம் தெரிந்து ஏறி இறங்கியிருக்கிறான்.

இந்த ஊரில் ஒரு பிரச்சினை என்றால் கூட்டம் போட வேண்டும். மூன்றாம் மாடிப் பாட்டியின் சமையலறையில் கூட்டம் நடந்தது. காப்பி, மெழுகுவத்தி, பேச வேண்டிய பொருள்களின் பட்டியல் எல்லாம் உண்டு. முதல் மாடிக்காரர் குறிப்பு எழுதினார். எந்தக் கிழமை எந்த மாடியில் எத்தனை கிராம் என்று அட்டவணை போட்டு, மாடிப்படி அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியபோது சம்பந்தப்பட்டவர் மேசைக்கடியில் தூங்கிக்கொண்டிருந்தார்.

அக்கா, வருஷக்கணக்காக ஒரே கூரைக்கடியில் இருந்து, நான் பக்கத்து வீட்டுச் சமையலறையைப் பார்த்தது அன்றைக்குத்தான். அங்கேதான் ஊசியும் வந்தது. பாட்டி பேசிக்கொண்டே பின்னிக்கொண்டிருந்தாள். முதல் மாடிக்காரரும் குறிப்பு எழுதாத நேரத்தில் ஒரு காலுறையைப் பின்னினார். நான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாட்டிக்குப் பொறுக்கவில்லை. ஒரு ஜோடி ஊசியையும் ஒரு கண்டு நூலையும் என் கையில் திணித்துவிட்டாள். பாட்டிக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. இங்கே யாரையும் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எனக்கு நாக்கு எழவில்லை. மனசுக்குள் பாட்டி என்று சொல்லிவிட்டு, வெளியே பேரைச் சொல்கிறேன்.

ஆம்பளைப் பிள்ளை என்றாயே, இங்கே பள்ளிக்கூடத்தில் பையன், பெண் எல்லாருக்கும் கைவேலைப் பாடம் உண்டு. நார்வேயிலிருந்து உலகம் முழுக்கப் புகழ்பெற்ற பின்னல்காரர்களில் ஆர்னே, கார்லோஸ் என்று இரண்டு ஆண்கள் இருக்கிறார்கள். கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் பந்துகளைப் பின்னுவதற்கு ஒரு புத்தகம் போட்டுப் பேர் வாங்கியவர்கள். இன்றைக்கும் வீட்டுக்கு வீடு இருக்கிற நீலம், வெள்ளை, சிவப்பு ஸ்வெட்டருக்குப் பேர் ‘மாரியுஸ்’. இரண்டாம் உலகப்போரில் போர்விமானம் ஓட்டிய மாரியுஸ் எரிக்சன் 1950களில் ஒரு சினிமாவில் போட்டுக்கொண்டு வந்தார். நாடே பின்ன ஆரம்பித்தது. நம்மூரில் சினிமாப் பேரில் சேலை வரும், இங்கே ஸ்வெட்டர்.

அந்தப் போர்க்காலத்தில் பின்னல் ஊசிக்கு வேறு வேலையும் இருந்தது. ஜெர்மானியர் இந்த நாட்டைப் பிடித்து வைத்திருந்தபோது மக்கள் சிவப்புக் குல்லாய் பின்னிப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தார்கள். வாய் திறந்து ஒரு சொல் சொல்லவில்லை, குல்லாயே சொல்லிவிட்டது. 1942-ல் அதற்குத் தடை போட்டார்கள். ஒரு குல்லாய்க்குப் பயந்து சட்டம் போடவைத்த கூட்டத்தை, ‘வேலையில்லாமல் பின்னுகிறார்கள்’ என்று நீ சொல்லலாமா?

உன் மருமகள் இருக்கிற ட்ரோண்ட்ஹெய்முக்குப் பக்கத்தில் செல்பு என்று ஓர் ஊர். 1857-ல் மாரித் என்கிற பெண், கறுப்பு வெள்ளையில் எட்டிதழ் நட்சத்திரம் போட்டுக் கையுறை பின்னினாள். கோயிலுக்கு வந்த ஊர்ச்சனம் பிரசங்கத்தைக் கேட்டதோ இல்லையோ, கையுறையைப் பார்த்தது. பிறகு அந்த ஊருக்கே அது பிழைப்பாகிவிட்டது. கல்யாணம் என்றால் விருந்தாளிகளுக்குப் பெண்வீட்டார் பின்னிய கையுறை கொடுப்பது அங்கே வழக்கமாக இருந்ததாம். தாம்பூலப் பையில் தேங்காயோடு தப்பித்தோம் நாம். உன் கல்யாணத்துக்கு வந்த கூட்டத்துக்குப் பின்னுவதென்றால் நீ இன்னும் கன்னியாகத்தான் இருப்பாய்.

இவர்கள் பொறுமையை நீ டிவியில் பார்க்க வேண்டும். 2009-ல் இவர்களுடைய அரசுத் தொலைக்காட்சி, பெர்கனிலிருந்து ஓஸ்லோ வரை ரயில் போவதை ஏழு மணி நேரத்துக்குமேல் அப்படியே காட்டியது. கதை இல்லை, வில்லி இல்லை, தண்டவாளம் மட்டும். நாட்டில் பத்து லட்சத்துக்கும் அதிகமானவர்கள் கொஞ்ச நேரமாவது பார்த்தார்கள். 2013 பிப்ரவரியில் விறகைப் பற்றி 12 மணி நேர நிகழ்ச்சி. வெட்டுவது, அடுக்குவது, அப்புறம் அடுப்பில் எரிவது. அதிலும் சண்டை வந்தது. விறகை அடுக்கும்போது பட்டை மேலே இருக்க வேண்டுமா, கீழே இருக்க வேண்டுமா என்று பாதிப் பேர் ஒரு கட்சி, பாதிப் பேர் எதிர்க்கட்சி. அதே வருஷம் நவம்பர் 1-ஆம் தேதி ராத்திரி பின்னல் நிகழ்ச்சி. ஆட்டின் மேலிருந்து ரோமத்தைக் கத்தரித்து, நூற்று, பின்னி, ஒரு ஸ்வெட்டராக்க எத்தனை நேரம் ஆகும்? ஆஸ்திரேலியர்களின் சாதனை ஐந்து மணி நேரத்துக்கும் குறைவு. இவர்களுக்கு எட்டு மணி நேரம் தாண்டிவிட்டது. தோற்பதையும் விடிய விடிய உட்கார்ந்து பார்த்தார்கள். சிரிக்காதே. உன் சீரியலில் போன பொங்கலுக்குக் கட்ட எடுத்த தாலி இன்னும் கழுத்துக்கு வந்து சேரவில்லை.

நூலும் பூனையும் ஒரே வீட்டில் இருப்பதுதான் சிக்கல். காலண்டர் படத்தில் பூனைக்குட்டி நூல்கண்டோடு விளையாடும்; வைத்தியர்கள் அந்தப் படத்தைப் பார்த்தாலே பதறுவார்கள். பூனை நாக்கில் முட்கள் தொண்டைப் பக்கம் சாய்ந்திருக்கும். வாயில் போன நூலைத் துப்ப முடியாது, விழுங்கத்தான் முடியும். ஒரு முனை எங்காவது மாட்டிக்கொண்டால் குடல் சுருக்குப் பையாகச் சுருங்கிவிடும். வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும். அதனால் நூலை மூடி வைத்தே பின்ன வேண்டும். இதற்கென்று கடையில் பீங்கான் கிண்ணம் விற்கிறார்கள். கருப்பட்டி ஒரு தட்டுத் தட்டினால் பன்னிரண்டு துண்டாகிவிடும். எனக்கு நீ கொடுத்தனுப்பிய எவர்சில்வர் தூக்குவாளி ஞாபகம் வந்தது. உள்ளே கண்டு, மூடி ஓரத்தில் நூல் வர ஓர் இடுக்கு, தூக்கிக்கொண்டு போகக் கைப்பிடி. பாட்டி வீட்டுப் பின்னல் கூட்டத்துக்கு அதைக் கொண்டுபோனேன். வாளி கைமாறிக் கைமாறி அறையைச் சுற்றி வந்தது. எந்த டிசைனர் செய்தது என்று கேட்டார்கள். அம்பாசமுத்திரம் பாத்திரக்கடை என்றேன். மரியாதையாகத் தலையாட்டினார்கள்.

அடுத்து சாயம். இந்தக் கூட்டத்தார் கடையில் வாங்கிய வண்ண நூலை அவ்வளவாக மதிப்பதில்லை. இலை, பட்டை, காளான் எல்லாவற்றையும் வேகவைத்து நூலுக்கு நிறம் ஏற்றுவார்கள். வெங்காயத் தோலில் அருமையான நிறம் வரும் என்று யாரோ சொல்லி, ஆளுக்கொரு பிடி சேர்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு சாக்குப்பையைக் கொண்டுபோய் வைத்தேன். ஒரு வீட்டில் இவ்வளவு வெங்காயமா என்று வாய் பிளந்தார்கள். சாம்பார் வைக்கிற குடும்பம் அக்கா, நமக்கு இதெல்லாம் ஒரு வாரச் செலவு. குப்பைக்குப் போக வேண்டிய தோலுக்கு எனக்குச் சங்கத்தில் தனி மரியாதை. நிறம் பிடிக்க நூலின் எடையில் பத்தில் ஒரு பங்கு படிகாரம் போட்டு முதலில் ஊறவைக்க வேண்டும். திருஷ்டிக்கு நீ வாசலில் கட்டித் தொங்கவிடுகிறாயே, அதே படிகாரம்தான். கம்பளியில் சாயம் தங்குவதற்கு அதுதான் பிடிமானம். பத்தமடையில் கோரைக்குச் சாயம் போடுகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால் கொஞ்சம் பெருமையாகவே கிண்டினேன். தங்கநிறம், அப்புறம் செம்பழுப்பு. மஞ்சள்தூளும் போட்டுப் பார்த்தோம், பளீரென்று ஏறியது. வெயிலில் வெளுத்துவிடும் என்று உன் தம்பி பெண்டாட்டி எச்சரித்தாள். நவம்பர் வருகிறது, வெயில் எங்கே இருக்கிறது வெளுப்பதற்கு?

படிகாரம் வாங்க கிரன்லாண்ட் பக்கத்தில் தமிழ்க்கடைக்குப் போனேன். கடைக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர். எண்பதுகளில் வந்து, வடகோடியில் மீன் ஆலையில் வேலை பார்த்து, பிறகு ஓஸ்லோவுக்கு இறங்கியவர். நான் கதையைச் சொல்லச் சொல்லக் கறிவேப்பிலை கட்டிக்கொண்டே கேட்டார். “உங்களுக்கு உந்தப் பூனை விசர் எப்ப துவங்கினது?” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, தன் வீட்டில் இரண்டு நிற்கிறது என்றும், ஒன்றுக்குக் கணவாய் மட்டும்தான் இறங்கும் என்றும் சொல்லி, போனில் படம் காட்ட ஆரம்பித்துவிட்டார். எனக்குப் பின்னால் வரிசை கதவு வரை போய்விட்டது.

காளானுக்காகக் காட்டுக்கும் போகிறோம். நகர ரயிலில் ஐந்தாம் எண் வண்டி ஏறினால் கடைசி நிறுத்தம் சொங்ஸ்வான் ஏரி, இறங்கினால் காடு. 1957-ல் போட்ட சட்டப்படி, காடு யாருடையதானாலும் யார் வேண்டுமானாலும் நடக்கலாம். காளானும் பழமும் பறிக்கலாம். பறித்ததைக் காட்டினால், விஷமா இல்லையா என்று பார்த்துச் சொல்லத் தேர்வு எழுதித் தேறியவர்கள் சீசன் ஞாயிறுகளில் மேசை போட்டு இலவசமாக உட்கார்ந்திருக்கிறார்கள். வெள்ளையாய், லட்சணமாய் ஒரு காளான் உண்டு. தின்றால் ஈரல் போய்விடும். பாட்டி தன் ஆபரேஷன், தன் பென்ஷன், தன் மருமகளின் சமையல் எல்லாவற்றையும் இப்போது என்னிடம் சொல்கிறாள். மஞ்சள் கந்தரெல் காளான் எங்கே முளைக்கிறது என்று மட்டும் சொல்லமாட்டாள். அது இந்த நாட்டில் பெற்ற பிள்ளைக்கும் சொல்லாத ரகசியம். நான் பின்தொடர்ந்து வருகிறேனா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

செப்டம்பர் கடைசி வியாழக்கிழமை ‘ஃபோரிகோல்’ திருநாள். கோடை முழுக்க மலையில் மேய்ந்த ஆடுகள் கீழே இறங்குகிற காலம். ஆட்டுக்கறி, முட்டைக்கோசு, உப்பு, முழு மிளகு, தண்ணீர், மணிக்கணக்காக வேகவைப்பது. நாட்டின் தேசிய உணவு இது. கட்டிடத்துக்காரர்கள் எல்லாரும் இந்த வருஷம் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார்கள். உன் தம்பி பெண்டாட்டி சட்டியை எட்டிப்பார்த்து, “கறிய வேகவச்சாச்சு, எப்ப கொழம்பு வைக்கப்போறாங்க?” என்றாள். இதுதான் குழம்பு என்றேன். இவர்கள் மிளகை முழுசாகப் போட்டு, சாப்பிடும்போது பொறுக்கித் தட்டின் ஓரத்தில் ஒதுக்குகிறார்கள். அதை இடித்துப் போட்டிருந்தால் வரலாறே மாறியிருக்கும். அவள் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் மிளகு வறுவல் வைத்தாள். தேசிய உணவு மிஞ்சியது, கிண்ணம் மிஞ்சவில்லை.

இந்த ஞாயிறு அதிகாலை மூன்று மணிக்குக் கடிகாரத்தை இரண்டாகத் திருப்பி வைக்க வேண்டும். ஐரோப்பாவின் பெரும்பகுதி கட்டுப்படும். கருப்பட்டி கட்டுப்படமாட்டான். அவன் வயிறு சூரிய மணி. அறிவிப்புப் பலகை அட்டவணையை ஒரு மணி நேரம் தள்ளலாமா என்று விவாதிக்க இன்னொரு கூட்டம் போட்டிருக்கிறார்கள். பின்னலோடு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்போது லாபக் கணக்கு. நூல் விலையையும் என் நேரத்தையும் சேர்த்தால் கடை ஸ்வெட்டரைவிட நஷ்டம்தான். அத்தானிடம் கணக்குப் போடக் கொடுத்தாலும் இதுதான் வரும். ஆனால் நம் தெருத் திண்ணையில் மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றுகிற பெண்களை நினைத்துப் பார். கை தன்பாட்டுக்கு இலையைச் சுருட்டும். வாய் தன்பாட்டுக்கு ஊர்க்கதையைச் சுருட்டும். அவர்களுக்குப் பிழைப்புக்காகக் கை ஓடுகிறது, பேச்சு கூடவே இலவசமாக வருகிறது. இந்த ஊர்க்காரர்களுக்குக் கை ஓடுவதே பேச்சுக்காக. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார இவர்களுக்குக் கூச்சம். கையில் ஊசி இருந்தால் கண்ணை நூலில் வைத்துக்கொண்டு எதை வேண்டுமானாலும் சொல்லிவிடுகிறார்கள். பாட்டி தன் வீட்டுக்காரர் இறந்ததைச் சொன்னது ஒரு காலுறையின் குதிகாலைத் திருப்பிக்கொண்டிருந்தபோதுதான். பின்னலில் மிகக் கவனம் வேண்டிய இடம் அது. யாரும் நிமிர்ந்து பார்க்கமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். இருட்டு முழுசாக இறங்குவதற்குள் இப்படி நாலு வீட்டுக் கதவு எனக்குத் திறந்திருக்கிறது. போன வாரம் முதல் மாடிக்காரர் மாடிப்படியில் என்னை நிறுத்தி, என் சர்க்கரை அளவைக் கேட்டார். இதற்குமேல் என்ன லாபம் வேண்டும்?

இனி பார்சல். எவர்சில்வர் தூக்குவாளி நாலு, மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். படிகாரம் ஒரு கிலோ. சுங்கத்தில் கேட்டால் திருஷ்டி என்று எழுதாதே, சாயப்பொருள் என்று எழுது. வெங்காயத் தோல் அனுப்பாதே, அதில் நாங்கள் தன்னிறைவு.

அத்தானுக்கு ஒரு ஸ்வெட்டர் தொடங்கப்போகிறேன், வெங்காயத் தோல் நிறத்தில். அம்பைக்கு எதுக்குல ஸ்வெட்டர் என்பாய். நெல்லை எக்ஸ்பிரஸ் ஏசி பெட்டியில் ஒரு ராத்திரி அவரை ஏற்றி அனுப்பு, புரியும். மார்பளவும் வயிற்றளவும் டேப் வைத்து எடுத்து உடனே எழுது. அளவெடுக்கும்போது மூச்சை இழுத்து வயிற்றை உள்ளே வைத்துக்கொள்வார். விடாதே, பேச்சுக் கொடு, தானாக வெளியே வந்துவிடும்.

அன்புடன்,
தம்பி